பால் காய்ச்சிய தேதி

ஸ்கொட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடையே ஒருவர் ஆண்டின் நடுவில் வீடு மாறினால், அவருடைய வருமான வரி இரண்டாகப் பிரிக்கப்படாது. அந்த வரி ஆண்டில் எங்கே அதிக நாள் குடியிருந்தாரோ, ஆண்டு முழுவதற்கும் அந்த இடத்து வரிதான். இது விதி. ஒரு நகர கவுன்சிலின் உதவிப்பணம் வழங்கும் பெனிபிட் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நாங்கள் கிளாஸ்கோவிலிருந்து லண்டன் ஹவுன்ஸ்லோவுக்கு வந்தது நவம்பரில். ஆகவே அந்த ஆண்டுக்கு நான் ஸ்கொட்லாந்து வரி செலுத்துபவன். மே மாதம் கணக்கைக் கொடுக்கும்போது அப்படியே குறித்தேன். அங்கே வரி கொஞ்சம் கூடத்தான். விதி விதிதானே.

ஜூலையில் வரி அலுவலகம் எழுதியது. தங்கள் பதிவின்படி நான் ஓகஸ்டிலேயே லண்டனுக்கு மாறிவிட்டேன்; எது சரி என்று தெரிவிக்கவும்.

முகவரி மாற்றங்களை எல்லா இடத்துக்கும் அறிவித்தவள் என் மனைவி. என்ன தேதி கொடுத்தாள் என்று கேட்டேன்.

"பால் காய்ச்சின நாள்தான். வேற என்ன நாள்?"

ஓகஸ்டில், ஆவணி பிறந்ததும் நல்ல நாள் பார்த்து ஹவுன்ஸ்லோ வீட்டுக்கு வந்து, சாமிப்படம் வைத்துப் பால் பொங்கவிட்டோம். மறுநாளே ரயில் ஏறிக் கிளாஸ்கோவுக்குத் திரும்பினோம். அங்கே வீடு விற்பது இழுபட்டு, நவம்பர்வரை அங்கேதான் சமைத்தோம், அங்கேதான் படுத்தோம்.

"படம் வைச்சுப் பால் பொங்கினா அது எங்கட வீடு. எங்க படுத்தனாங்கள் எண்டதே கேள்வி?"

"ஓம். அதுதான் கேள்வி" என்றேன்.

அப்போதுதான் எனக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. தை மாதம் அவள் பிரித்தானியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தாள். இத்தனை வருடம் பிறந்த நாட்டுப் பாஸ்போர்ட்டே போதும் என்று இருந்தவள். கனடாவில் இருக்கும் மகளைப் பார்க்கப் போக விசா இரண்டு தடவை மறுக்கப்பட்ட பிறகு இறங்கிவந்தாள். அந்த விண்ணப்பத்தில் எந்த வீட்டில் எந்தத் தேதி முதல் வசித்தீர்கள் என்று கேட்டிருந்தார்கள். அங்கேயும் பால் காய்ச்சிய தேதிதான்.

விண்ணப்பத்தில் பொய் சொன்னதாகத் தீர்மானித்தால் மறுப்பார்கள். பிறகு பத்து வருடத்துக்குக் கேட்டும் பெரும்பாலும் பயனில்லை. அவளுக்கு வயது அறுபத்தெட்டு. நடைமுறை தெரியாதவன் பொதுவாகப் பயப்படுவான். நான் சட்டத்தின் பந்தி இலக்கத்தோடு பயந்தேன். ஒரே வீட்டிலிருந்து இரண்டு தேதி வந்தால் என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அந்த மேசைக்கு மறுபக்கத்தில் இருந்தவன் நான். வந்தவர்களின் விளக்கங்களை மரியாதையாகக் கேட்டுவிட்டு, நம்பாமல் அனுப்பியிருக்கிறேன்.

"பேசாம ஓகஸ்ட் எண்டே எழுதிவிடுங்கோவன்" என்றாள். "வரியும் குறையும்."

வரி அலுவலகத்துக்கு அப்படி எழுதியிருக்கலாம். அதன் பிறகு பொய்யர்கள் இரண்டு பேர் ஆகியிருப்போம். கிளாஸ்கோ வீட்டு மின்சார பில் ஒன்றே எங்களைக் காட்டிக்கொடுக்கப் போதும்.

வரி அலுவலகத்துக்கு நவம்பர் என்று உறுதிப்படுத்தினேன். குடியுரிமை அலுவலகத்துக்கு அவள் பெயரில் திருத்தக் கடிதம் ஒன்றை எழுதினேன். காலமெல்லாம் எத்தனையோ அறிக்கை எழுதியவனுக்கு அந்தக் கடிதம் எழுத வரவில்லை. பால் பொங்குவதை எழுதினால் சாக்குப்போல இருந்தது. எழுதாமல் விட்டால் களவுபோல இருந்தது. கடைசியில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். அவள் கையெழுத்து வைக்குமுன் என்னைப் பார்த்தாள்.

"இதால என்னைத் திருப்பி அனுப்புவினமோ?"

அப்படி அனுப்ப ஏலாது, நிரந்தர வதிவிட உரிமை இருக்கிறது என்று விளக்கினேன். நான் சொன்னது சட்டப்படி சரி. ஆனால் எண்பதுகளில் வந்திறங்கியபோது ஓர் அதிகாரி எங்களிடம் கேட்டதும் இதே கேள்விதான்: எந்தத் தேதி எங்கே இருந்தீர்கள்? அந்த அறையை விட்டு வெளியே வந்ததும் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்கு மறக்கவில்லை.

வரி அலுவலகம் சீக்கிரமே நன்றி சொல்லிக் கணக்கை முடித்தது. மற்ற இடத்திலிருந்து ஒன்றும் இல்லை. நாங்கள் வாசல் கதவில் கடிதம் விழும் சத்தத்துக்கு எழும்பப் பழகினோம். மகளோடு தொலைபேசியில் பேசும்போது மனைவி கனடாப் பயணத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. நான் விதிகளை மறுபடி மறுபடி வாசித்தேன். ஒவ்வொரு தடவையும் எங்களை மறுக்க இன்னொரு வழி அகப்பட்டது.

ஒரு காலை அவள் கடித உறையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

"நீங்கள் வாசியுங்கோ. வாயால ஒண்டும் சொல்ல வேண்டாம். முகத்தைப் பார்த்து விளங்குவன்."

வாசித்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, மெல்லக் கதிரையைப் பிடித்து இருந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இத்தனை மாதப் பயத்தில் என் முகம் வேறு எதையும் காட்ட மறந்துவிட்டது போலும்.

"தந்திட்டினம்" என்றேன். "தேதியைத் திருத்தி எழுதியிருக்கினமாம். குடியுரிமையும் தந்திட்டினம்."

அவள் நம்பவில்லை. கடிதத்தை வாங்கி, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகத் தானே வாசித்தாள். அதன் தலைப்பில் டிசம்பர் ஒன்பது என்று இருந்தது. எங்கள் கைக்கு வந்தது பதினோராம் தேதி, வியாழக்கிழமை.