ஜரீனா அக்கா வைத்த பென்சில் புள்ளி

ஜரீனா அக்கா இறந்த செய்தி அப்பாவின் போனுக்கு வந்தது. அப்பா வயலில் நின்றதால் நான்தான் எடுத்தேன். "ஜரீனா அக்காவோட தம்பி பேசறேன். அக்கா மவுத்தாயிட்டாங்க. காய்ச்சல்னுதான் ஆஸ்பத்திரியில சேத்தோம்" என்று சொல்லி அந்த அண்ணன் அழுதார். போனைப் பிடித்தபடியே வரப்பில் ஓடினேன். அப்பா கேட்டதும் போய் மோட்டாரை நிறுத்தினார். அக்கா வாங்கித்தந்த மோட்டார். தண்ணீர் நின்ற பிறகும் குழாய் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவின் ஊரான முதுநகரில் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதுவதற்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். சோலார் பம்பு மானியத்துக்கு அக்கா ஃபார்ம் எழுதிக் கொடுத்த வீடுகளிலிருந்து ஆளுக்கொரு பக்கம் எழுதி வந்தால் அவருடைய உம்மாவுக்குப் படித்துக் காட்டலாம் என்று அந்தத் தம்பி கேட்டிருக்கிறார். அப்பா சொல்லச் சொல்ல இன்று சாயங்காலம் ஒரு பக்கம் எழுதினேன். நல்ல பெண், சிரித்த முகம் என்றெல்லாம் சொன்னவர், 'நேர்மையானவர்' என்று சொல்ல வந்து தயங்கினார். பிறகு, "அது வேணாம், விட்டுடு" என்றார். அந்தத் தயக்கத்துக்குக் காரணம் நான். அதனால்தான் எல்லோரும் தூங்கிய பிறகு இந்த இரண்டாவது பக்கத்தை எழுதுகிறேன்.

அக்காவைத் தெரிந்த உங்களுக்கு அவருடைய ஸ்கூட்டியைத் தெரிந்திருக்கும். அண்ணாமலை நகரில் படித்துவிட்டு, சோலார் பம்பு பொருத்தும் கம்பெனி ஒன்றில் சேர்ந்து, சேத்தியாத்தோப்பைச் சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் அதில்தான் வருவார். எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்தபோது வண்டி வாய்க்கால் சேற்றில் புதைந்துவிட்டது. அப்பாவும் நானும் தள்ளினோம். அக்கா ஃபார்ம் பையைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். "வண்டி போனா போவுது, மானியம் நனையக்கூடாதுண்ணே" என்றார்.

அப்பாவுக்கு அப்போது சோலாரில் நம்பிக்கை இல்லை. அரசாங்கம் விவசாயத்துக்கு இலவசமாகக் கொடுக்கும் மின்சாரத்துக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தார். நான் பிறந்த வருடம் பதிந்தது. ரசீதை லேமினேட் செய்து பீரோவில் வைத்திருக்கிறார்.

"பதினாறு வருஷமா க்யூவுல நிக்கறேம்மா. இப்ப போய் எதுக்கு சோலார் தகடு?"

"பதினாறு வருஷமா? இன்னும் ரெண்டு வருஷம் போனா ஒங்க க்யூவுக்கு ஓட்டு போடற வயசு வந்துடும்ண்ணே."

அம்மா அடுப்படியிலிருந்து சிரித்துவிட்டார். அக்கா வாசலில் உட்கார்ந்து விரல்விட்டுச் சொன்னார். "கவர்மெண்ட்டு எல்லாத்துக்கும்தான் குடுக்குது. கம்பில வர்ற கரண்ட்ட வயலுக்கு சும்மா குடுக்குது, ஆனா க்யூ ஜாஸ்தி. வீட்டுக்கு மொதல் நூறு யூனிட்டு சும்மா. வெயிலுக்குப் பாதிக்கு மேல அது போடுது, மீதிய நீங்க போடணும். டீசலுக்கு மட்டும் முழுசா ஒங்க பாக்கெட்டு."

"டீசலுக்கு ஏன் குடுக்க மாட்டேங்குது?"

"குடுக்குதே! எங்க ஊர்ல போட்டுக்காரங்களுக்கு டீசல்ல வரி கெடையாது. ஒங்க எஞ்சினுக்கு மீன் புடிக்கத் தெரியலியே, என்னா பண்றது?"

வயலுக்குத் தண்ணீர் இறைத்த அந்த டீசல் எஞ்சினைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய தை மாதம் எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும்போது ஹேண்டில் திருப்பி அடித்து அப்பாவின் வலது மணிக்கட்டு உடைந்தது. மாவுக்கட்டுப் போட்டிருந்த நாட்களில் அம்மாதான் அதைச் சுற்றினார். ஒருநாள் அவருடைய முந்தானை பெல்ட்டில் மாட்டியது. புடவை கிழிந்ததால் அம்மா தப்பித்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அன்றிலிருந்து எஞ்சின் சத்தம் கேட்கும்வரை எனக்குப் பாடம் ஓடாது. சத்தம் வந்துவிட்டால் யாருக்கும் அடிபடவில்லை என்று அர்த்தம்.

அக்காவுக்கு ஒரு வழக்கம் இருந்தது, உங்கள் வீட்டிலும் செய்திருப்பார். ஃபார்மை அவர் படித்துக் காட்ட மாட்டார். "இந்த வீட்ல படிக்கிற புள்ள யாரு? வந்து சத்தமா படி" என்பார். எங்கள் வீட்டில் அப்பா, "நீயே சொல்லிடேம்மா, கையெழுத்துப் போட்டுடறேன்" என்றதற்கு அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. "நான் படிச்சா அது கம்பெனி பேச்சுண்ணே. ஒங்க புள்ள படிச்சா அது ஒங்க வீட்டுப் பேச்சு. காது கேட்ட பொறவுதான் கை எழுதணும்."

நான் படித்தேன். நாலாவது நிபந்தனை வந்தது. சோலார் பம்பு வாங்கினால் இலவச மின்சாரத்துக்கான வரிசையில் நமக்கு இருக்கும் இடம் போய்விடும். அதை மனதுக்குள் படித்ததுமே அப்பா எழுந்து போய்விடுவார் என்று தெரிந்தது. எஞ்சின் அங்கேயே இருக்கும். அம்மாவின் முந்தானை நினைவுக்கு வந்தது. மூன்றாவதிலிருந்து ஐந்தாவதுக்குத் தாண்டிவிட்டேன்.

அக்கா தலையைத் தூக்கிப் பார்த்தார். அப்பாவின் போட்டோ சரியில்லை, சிதம்பரத்தில் எடுத்து வையுங்கள், அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிக் கையெழுத்து வாங்காமலே கிளம்பினார். வண்டிவரை கூட வந்த என்னிடம், "நாலாவது தொண்டையில மாட்டிக்கிச்சா?" என்று கேட்டார். நான் அழுதேன். எஞ்சினைப் பற்றிச் சொன்னேன். அக்கா பையிலிருந்து பென்சில் எடுத்து, எங்களுக்குக் கொடுத்த ஃபார்ம் பிரதியில் நாலாவதுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தார்.

"நான் படிச்சா ஒன்னக் காட்டிக்குடுத்த மாதிரி ஆயிடும். நீயே அப்பாகிட்ட படிச்சுடு. பயப்படாத. எஞ்சினையும் சொல்லு, இதையும் சொல்லு. ரெண்டையும் கேட்டுட்டு அவரு முடிவு பண்ணட்டும்."

அடுத்த வாரம் வந்தார். வாசலிலேயே என்னைப் பார்த்து, "படிச்சியா?" என்றார்.

"படிச்சேங்க்கா" என்றேன்.

"அப்பா என்னா சொன்னாரு?"

"சரின்னுட்டாரு."

அக்கா என் தோளைத் தட்டினார். அவர் அதை நம்பினார். அப்பா கையெழுத்துப் போட்டார்.

தகடு வந்த பிறகும் அக்கா இந்தப் பக்கம் வந்தால் எங்கள் வயலுக்கு வராமல் போக மாட்டார். தகட்டின் நிழலில் உட்கார்ந்து, "இந்த நெழலுக்கு மானியம் கெடையாது, முழுசா ஒங்களுது" என்பார். முதுநகரிலிருந்து நெத்திலிக் கருவாடு கொண்டுவருவார், அம்மா கத்தரிக்காய் கொடுத்தனுப்புவார். தகட்டைத் துடைப்பது என் வேலை. தூசி இருந்தால் விரலால் கோடு இழுத்துக் காட்டி, "கவர்மெண்ட்டு வந்து தொடைக்குமா பாப்பா?" என்று கேட்பார். மழை நாட்களில் தண்ணீர் குறைந்தால் அப்பா போன் போட்டுச் சண்டை பிடிப்பார். "மேகம் நம்ம கம்பெனி இல்லண்ணே" என்று அக்கா சொல்வது பக்கத்தில் நிற்கும் எனக்கும் கேட்கும். போனை வைத்த பிறகு அப்பா சிரிப்பார். எஞ்சினைப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. இப்போதெல்லாம் எந்தச் சத்தத்துக்கும் காத்திராமல் படிக்கிறேன்.

நேற்று கலியன் மாமா வந்தார், அம்மாவின் அண்ணன். அப்பா பதிந்த வருடத்துக்காரர்களுக்கு இப்போது இணைப்பு வருகிறது என்றார். அப்பா ஓடிப்போய் ரசீதை எடுத்து வந்து, "வெயிலுக்குத் தகடு, மழைக்குக் கம்பி. திங்கக்கெழம கரண்ட் ஆபீசுக்குப் போறேன்" என்றார்.

"சோலார் வாங்குனவனுக்கு க்யூ போயிடும்னு சொல்றாங்களே மச்சான். அந்தப் பொண்ணு ஒனக்குச் சொல்லலியா?"

"சொல்லலியே."

"சொல்லியிருந்தா நீ வாங்கியிருப்பியா? அதான் மறைச்சிருக்கு. செத்தவங்களப் பேசக்கூடாது, இருந்தாலும் வேலையக் காட்டிட்டுதான் போயிருக்கு."

அப்பா ரசீதின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

அப்பா அடிக்க மாட்டார். பேசாமல் இருந்துவிடுவாரோ என்றுதான் பயம். ஆனால் திங்கட்கிழமை அவர் அலுவலகத்துக்குப் போய்த் திரும்பும்போது பஸ்ஸில் இருப்பவர்களிடமெல்லாம் ஜரீனா என்ற ஒருத்தி ஏமாற்றிவிட்டாள் என்று சொல்லிக்கொண்டு வருவார். உங்களில் யாராவது அதைக் கேட்பீர்கள். முதுநகரில் அவருடைய உம்மா காதுவரை அது போகும். ஜரீனா அக்கா யாரையும் ஏமாற்றவில்லை. மறைத்தது நான். சொல்லிவிட்டேன் என்று அவரிடம் பொய் சொன்னதும் நான். அதை நம்பியபடியே அவர் போய்விட்டார்.

அக்காவினுடையது என்று என்னிடம் இருப்பது அந்தப் புள்ளி மட்டும்தான். எங்கள் பிரதியை இயற்பியல் நோட்டுக்குள் ஒளித்து வைத்திருந்தேன். இப்போது வெளியே எடுத்து வைத்திருக்கிறேன். புள்ளி இன்னும் அழியவில்லை.

காலையில் அப்பா டீ குடித்துவிட்டு, "நேத்து எழுதினத ஒருவாட்டி படிம்மா, கேப்போம்" என்பார். எப்போதும் அப்படித்தான். அவர் சொல்லி எழுதிய பக்கத்தைப் படிப்பேன், அதில் 'நேர்மையானவர்' என்று சேர்த்தே படிப்பேன். பிறகு இந்தப் பக்கம். பிறகு அந்த ஃபார்ம், முதலிலிருந்து, சத்தமாக, விரல் வைத்து. ஒன்று, இரண்டு, மூன்று.

நான்கு: "இலவச விவசாய மின் இணைப்புக்கு நான் ஏற்கெனவே பதிவு செய்திருந்தால், அந்த முன்னுரிமையை விட்டுக்கொடுக்க முழு மனதுடன் சம்மதிக்கிறேன்."