முன்கூட்டியே எழுதிய ஐந்து நாள்

நான்காக மடித்த அந்தத் தாள் என் ஓய்வூதியக் கோப்பில், வாழ்வுச் சான்றிதழ் நகல்களுக்குக் கீழே இன்று வரை இருந்தது. மலையேறுகிறவர்களின் உடல்நிலைப் படிவம். தலைவலி, வாந்தி, மயக்கம், தள்ளாட்டம் என்று நான்கு கேள்விகள்; ஐந்து நாளுக்கும் கட்டங்கள்; எனக்கும் மைத்துனனுக்கும் தனித்தனி வரிசை. எல்லாவற்றிலும் ‘நோ’. ஒரே மை, ஒரே சாய்வு. பணிக்காலத்தில் ஆய்வுக்குப் போன இடத்தில் இப்படியொரு பதிவேட்டைக் கண்டால், ஒரே அமர்வில் எழுதியது என்று கண்டுபிடித்து, விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுத்த பிறகுதான் டீ குடிப்பேன். இது என் கையெழுத்து.

மைத்துனன், அதாவது என் மனைவியின் தம்பி, தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் விசைப்படகு இன்ஜின் பழுது பார்க்கிறவன். அவன் ஏறிய உயரம் எங்கள் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி. ஓய்வுபெற்ற பின் இமயமலையில் ஒரு கணவாயை ஐந்து நாளில் நடந்து கடக்க ஆசைப்பட்டேன். துணைக்கு அவனை இழுத்துப் போனேன். அனுமதி, மருத்துவச் சான்று எல்லாம் மும்மூன்று நகல். “முசே, மலை ஏறப் போறமா, மலைய நம்ம பேர்ல பத்திரம் பண்ணப் போறமா?” என்றான். கேலி செய்யும்போது மட்டும் நான் முசே, பிரெஞ்சுக்காரன் காலத்துத் துரை. மற்ற நேரம் மாமா. அடிவாரக் கூடாரத்தில் வழிகாட்டி படிவத்தைத் தந்து, தினமும் மாலையில் நிரப்பிக் காட்டச் சொன்னார். மேலே விரல் விறைத்துவிடும் என்று காரணம் கற்பித்துக்கொண்டு, ஐந்து நாளையும் அங்கேயே நிரப்பிவிட்டேன். மாலையில் அன்றைய கட்டம் மட்டும் தெரியும்படி மடித்துக் காட்டுவேன்.

மூன்றாம் நாள் கணவாய்க்குக் கீழே கூடாரம். மைத்துனன் கடைசியாக வந்து சேர்ந்தான். சூப்பைத் தொடவில்லை. “தலைக்குள்ள இன்ஜின் ஓடுது மாமா. ஆஃப் பண்ண முடில,” என்றான். “குளிருடா. போத்திக்கினு படு,” என்றேன். பாறைக்குப் பின்னால் அவன் வாந்தி எடுக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. அடுப்பு இரைச்சலில் வழிகாட்டிக்குக் கேட்கவில்லை. அவர் படிவத்தைக் கேட்டார். உண்மையைச் சொன்னால் உடனே இறங்க வேண்டும், கணவாய் கிடையாது, ஓய்வூதியர் சங்கத்தில் அடித்த தம்பட்டம் வீண். மடித்த தாளை நீட்டினேன். பார்த்துத் தலையாட்டினார்.

மறுநாள் பனியில் ஏறத் தொடங்கிக் கொஞ்ச தூரத்திலேயே மைத்துனன் உட்கார்ந்துவிட்டான். ஷூ கயிறு அவிழ்ந்திருந்தது. ஆடுகிற படகில், இருட்டில், தடவிப் பார்த்தே நட்டு மாட்டுகிற விரல்கள். அவற்றுக்கு ஒரு முடிச்சு வரவில்லை. வெள்ளைச் சரிவைப் பார்த்து, “கரை வந்துட்ச்சி மாமா, எறங்கலாம்,” என்று சிரித்தான். வழிகாட்டி அவன் கண்களைப் பார்த்தார், நிற்க வைத்துப் பார்த்தார், எப்போதிலிருந்து என்று என்னைக் கேட்டார். நேற்று மாலையிலிருந்து என்றேன். என்னிடமிருந்த தாளை வாங்கி முழுவதும் விரித்தார். இன்னும் வராத ஐந்தாம் நாளிலும் ‘நோ’ இருந்தது. திருப்பித் தந்துவிட்டு, கூட வந்த சுமைகாரரோடு சேர்ந்து அவனை முதுகில் மாற்றி மாற்றிச் சுமந்து இறங்கினார். நான் இரண்டு பைகளோடு பின்னால் போனேன். பாதி வழியில் மைத்துனனின் முனகல் நின்றது. வழிகாட்டியின் தோளில் அந்தத் தலை வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது. அவன் அக்காவிடம் என்ன சொல்வது என்று ஒரு வாக்கியம் தேடினேன். வாழ்நாளெல்லாம் வரைவு எழுதியவனுக்கு முதல் சொல்கூட வரவில்லை.

கீழே கிராமத்துச் சுகாதார நிலையத்தில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். இரண்டாம் நாள் கண் திறந்து, “இங்க மீன் கெடைக்குமா?” என்று கேட்டான். ஊர் திரும்பியதும் தன் அக்காவிடம் அவனே சொன்னான்: “மாமாதான் கண்டுபுட்ச்சி எறக்குனாரு.” எனக்காகச் சொன்ன பொய். அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் மனைவி, “இவரு இல்லன்னா என் தம்பி இல்ல,” என்கிறாள். இன்று மதியமும் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள். மைத்துனன் தலை நிமிராமல் வஞ்சிர மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தான். கிளம்பும்போது வாசலில் மெதுவாக, “உட்டுத் தள்ளு முசே,” என்றான்.

பதிவைத் திருத்த விதி உண்டு. சுரண்டக் கூடாது, பழையது தெரியும்படி ஒற்றைக் கோடு, மேலே சரியானது, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும். அவன் போனதும் தாளை எடுத்து, அவன் வரிசையில் மூன்றாம் நாளின் ‘நோ’க்களில் தலைவலிக்கும் வாந்திக்கும் கோடு போட்டு, மேலே ‘ஆம்’ என்று தமிழில் எழுதினேன். சுருக்கொப்பமும் இன்றைய தேதியும் இட்டேன். கோப்பில் திரும்ப வைக்கவில்லை. மடிப்பு நீக்கி, மனைவியின் மூக்குக்கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். காய்ந்த துணியை எடுக்க மாடிக்குப் போனவள், படியிறங்கி வருகிறாள்.