உம்மா குரல் இருந்த டிஸ்க்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, வீடுகளுக்கு வெள்ளையடித்துப் பிழைத்தவன் நான். இன்று சிதம்பரத்தில் எனக்குச் சொந்தமாக வீடியோ கடை இருக்கிறது. இன்ஜினியர்களே என்னிடம் வந்து கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டுக்கொண்டு போவார்கள்.

2010-இல், மூன்று வருடம் அப்டேட் வரும் என்று உபுண்டு லினக்ஸின் புதுப் பதிப்பு வந்தது. பழைய சுண்ணாம்பைச் சுரண்டாமல் புதிது நிற்காது என்பது நான் தொழிலில் கற்றது. அதனால் பழையதன் மேல் அப்டேட் செய்யாமல், கடைக் கம்ப்யூட்டரின் முழு டிஸ்க்கையும் அழித்துப் போட உட்கார்ந்தேன்.

"அண்ணே, கல்யாண வீடியோவெல்லாம் எடுத்து வச்சிட்டீங்களா?" என்று கடையில் எடிட்டிங் செய்யும் செல்வி கேட்டாள்.

"எனக்கே சொல்லித் தரியா? அதான் பார்ட்டிக்கெல்லாம் சிடி குடுத்தாச்சே!" என்றேன்.

சில மாதம் கழித்துப் பரங்கிப்பேட்டை காசிம், அம்மா இறந்த துக்கத்தில், வேலை பார்க்கும் சவுதியிலிருந்து போன் செய்தான். அவன் தங்கை கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தது நான்தான்.

"மாமா, உம்மா மவுத்தாயிட்டாங்க. லீவு குடுக்கல, மொகம்கூட பாக்கல. வீட்டுல இருக்கற சிடி கீறிப்போய் ஓட மாட்டேங்குது. பந்தியில உம்மா என்னச் சாப்பிடக் கூப்பிடுவாங்களே, அந்த எடம் மட்டும் அனுப்புங்க மாமா."

"அழிஞ்சிபோச்சுப்பா" என்றேன்.

"நல்லாத் தேடுங்க மாமா. ஒங்களால முடியாததா?" என்றான்.

தெரிந்த வழியெல்லாம் பார்த்தேன். எதுவும் மீளவில்லை.

இப்போது புதுப் பதிப்பு போடுமுன் எல்லா வீடியோவையும் வேறு டிஸ்க்கில் ஏற்றி, ஒவ்வொன்றையும் ஓட்டிக் கேட்கிறேன். யார் யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். காசிமைக் கூப்பிடும் குரல் மட்டும் இல்லை.