பாலாற்று வாயில் பிறந்த சவுரியம்மாள்

லாரிக்காரனோடு ஓடிப்போனாள் என்று இன்னும் எத்தனை நாள்தான் சொல்வீர்கள்? "முன்சீட்ல ஸ்டைலா குந்திக்குனு போனா" என்கிறாள் நம் தெருக் கலையரசி. லாரியில் போனாள், அது நிஜம். ஒரு வருஷமாகத் திரும்பவில்லை, ஒரு தகவலும் இல்லை, அதுவும் நிஜம். ஆனால் லாரி ஓட்டிய வாஹித் பாஷாவுக்குப் பேரப்பிள்ளைகளே நாலு பேர். பேசுகிற வாய்க்குக் கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா?

சவுரியம்மாள் நம் ஆம்பூர்க்காரி இல்லை. நம் பாலாறு கடலில் விழுகிற இடத்துக் குப்பத்தில் பிறந்தவள். கனகராஜைக் கட்டிக்கொண்டு என் எதிர்வீட்டுக்கு வந்தாள். ஷூ கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் தோலுக்குப் பசை தடவினாள்.

"ஆத்துல தண்ணி வரலன்னா, கடலு மணலத் தள்ளி வாய அடைச்சிடும் ஆயா" என்பாள். அடைத்த மணலுக்கு உள்பக்கம், ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலந்த கழி தேங்கி நிற்குமாம். மேலாக மொண்டால் நல்ல தண்ணீர், இடுப்பாழத்தில் மொண்டால் உப்பு. வெள்ளம் வருகிறதென்றால், கடல் வற்றுகிற நேரம் பார்த்து ஆண்கள் மணலை வெட்டி வழி விடுவார்கள். வெட்டாவிட்டால் கழி ஏறி, ஆறு தனக்குத் தோன்றிய இடத்தில் உடைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரத்தில் மேடே இருக்காது.

ஆறேழு வருஷம் பெரிய வெள்ளம் இல்லை. மணல்மேட்டில் கொடி படர்ந்தது. அவள் தம்பி அதை நிலமென்றே நம்பி, அதன்மேல் குடிசை போட்டான். பெண்டாட்டி, இரண்டு குழந்தைகள்.

போன ஐப்பசியில் ஆறு கரைபுரண்டு வந்தது. நாமெல்லாம் பாலத்தில் நின்று மஞ்சளும் பூவும் போட்டோம். அவள் போனில் கத்தினாள்.

"டேய், ரெண்டு நாள்ல அங்க வந்துடும். குழந்தைங்கள இட்டுக்குனு கரைக்குப் போடா!"

"இங்க வெயில் கொளுத்துது அக்கா. தோல் நாத்தத்துல உனக்கு மூள கெட்டுப்போச்சா?" அவன் சிரித்தது எனக்கே கேட்டது.

"வாய வெட்டனாங்களா?"

"எல்லாம் கம்பெனி வேலைக்குப் போய்ட்டானுங்க. யாரு வெட்டறது?"

மறுநாள் அவன் போன் கிடைக்கவில்லை. விடிய விடிய அடித்துப் பார்த்தாள்.

ரோட்டை வெள்ளம் அறுத்துக்கொண்டு போய், பஸ் நின்றுவிட்டது. வாஹித் பாஷா மட்டும் சுற்றுவழியில், அவள் குப்பத்துப் பக்கமான செங்கல்பட்டுக்கு லோடு ஏற்றியிருந்தார். கனகராஜ் வாசலை மறித்தான்.

"நீ போயி இன்னா, ஆத்த நிறுத்தப்போறியா? வேலையும் பூடும்."

"நேர்ல போயி இழுத்தாத்தான் அவன் எழுந்திருப்பான். நவுரு."

"ஒரு வாய் கஞ்சி குடிச்சிட்டுப் போடீ" என்றேன் நான். வெள்ளம் நம் பாலத்தைத் தாண்டி அதற்குள் ஒன்றரை நாள் ஆகியிருந்தது. அவள் கனகராஜின் கையைத் தட்டிவிட்டு, செருப்புகூடப் போடாமல் வாசலைத் தாண்டினாள்.