இரண்டாம் மாடி மெஷின்

காளவாசல் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில், பெண்கள் வார்டுக்குப் போகிற வழியில் என் வெண்டிங் மெஷின் நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் சுருள் கம்பிகளில் சிப்ஸ், பிஸ்கட், தண்ணீர் பாட்டில். போனில் ஸ்கேன் செய்து காசு போட்டு எண்ணை அமுக்கினால், கம்பி சுற்றிப் பொருள் கீழே விழும். யாராவது அமுக்கினால்தானே? நாலு மாதமாக அதிகம் அமுக்கியது நான்தான், மெஷின் ஓடுகிறதா என்று பார்க்க.

லோடு ஆட்டோவை விற்று வாங்கிய மெஷின் அது. முதலில் தல்லாகுளத்தில் ஒரு ஆபீஸ் வாசலில் வைத்தேன். எதிரிலேயே டீக்கடை. சுடச்சுட வடை கிடைக்கிற இடத்தில் எவன் பாக்கெட்டைத் தேடுவான்? பெயர்த்துக்கொண்டு இங்கே வந்தேன். இங்கேயும் மேனேஜர் கூப்பிட்டுவிட்டார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீக. அந்த எடத்துல காபி மெஷின் வைக்க ஒருத்தர் கேக்குறாரு. மாசக் கடைசி வரைக்கும் பாப்போம். ஓடலைன்னா எடுத்துருங்க."

இங்கிருந்தும் எடுத்தால் அதை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது? ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆட்டோவும் இல்லாமல் மெஷினும் இல்லாமல் என்ன வேலைக்குப் போவேன்? மறுநாள் காலையிலேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை மெஷின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டேன். என் பொருளை நானே காவல் காத்தால்தான் மனசு கொஞ்சம் அடங்கும்.

உட்கார்ந்ததில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. மேலூர், உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஆம்புலன்சில் வருகிறவர்கள் கட்டிய துணியோடு வருகிறார்கள். மறுநாள் விடிந்தால் பிரஷ் எங்கே, சோப்பு எங்கே என்று ரோட்டுக்கு ஓடுகிறார்கள். பாதி சிப்ஸை எடுத்துவிட்டு பிரஷ், பேஸ்ட், சோப்பு, சீப்பு, துண்டு, சார்ஜர் வயர் என்று அடுக்கினேன். கொஞ்சம் நகர்ந்தது. ஆனாலும் மேனேஜர் வாயை அடைக்கிற அளவுக்கு இல்லை.

நாப்கின் கேட்டுப் பெண்கள் நர்ஸிடம் போவதையும் பார்த்தேன். பெட்டி நிறைய வாங்கிவிட்டேன். அதை அப்படியே கண்ணாடிக்குள் வைக்க எனக்குக் கூச்சம். மெடிக்கலில் எப்படித் தருகிறார்கள்? பேப்பரில் சுற்றித்தானே? நானும் என் மனைவியும் சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு பாக்கெட்டையும் பழைய பேப்பரில் சுற்றினோம்.

மறுநாள் இரண்டு பெண்கள் கண்ணாடி முன்னால் நின்றார்கள்.

"ஏண்ணே, இது என்ன பொட்டலம்? வடையா?" என்றாள் ஒருத்தி.

"வடைன்னா பேப்பர்ல எண்ணெ ஊறியிருக்கும்டி," என்றாள் மற்றவள்.

"அது வந்து... லேடீஸ் ஐட்டம்," என்று தரையைப் பார்த்துச் சொன்னேன். நிமிர்ந்தபோது இரண்டு பேரையும் காணோம்.

பேப்பரையெல்லாம் பிரித்து எறிந்துவிட்டு அப்படியே அடுக்கினேன். மூன்று நாள் ஆகியும் ஒன்றுகூட விற்கவில்லை. மாசம் முடிய எட்டு நாள்தான். வார்டு நர்ஸைப் பிடித்து, விலை அதிகமோ, வேற கம்பெனி வாங்கியிருக்கணுமோ என்று கேட்டேன். அந்தப் பொண்ணு சிரித்துவிட்டது.

"அண்ணே, நீங்க இங்க உக்காந்திருக்கிற வரைக்கும் ஒண்ணும் போகாது."

"நான் என்னம்மா பண்றேன்? சும்மாதான உக்காந்திருக்கேன்."

"அதைத்தான் பண்றீக. கடையில ஆம்பளைகிட்ட கேக்கச் சங்கடப்பட்டுத்தான் மெஷினுக்கு வாராக. இங்கயும் ஒரு ஆம்பள முழிச்சு முழிச்சுப் பாத்துக்கிட்டிருந்தா?"

"காசு போட்டு, பொருள் விழாம மாட்டிக்கிச்சுன்னா?"

"உங்க நம்பர்தான் இம்புட்டுப் பெருசா ஒட்டியிருக்கீகளே! கூப்பிடுவாக. மொதல்ல கிளம்புங்க."

கிளம்பினேன். வீடு திருப்பரங்குன்றத்தில். பஸ் ஏறினேன். ஒவ்வொரு விற்பனைக்கும் போனில் மெசேஜ் வரும். பழங்காநத்தம் வரை ஒன்றும் வரவில்லை. கரண்ட் போயிருக்குமோ, பிளக்கை யாராவது பிடுங்கி போன் சார்ஜ் போட்டிருப்பார்களோ? இறங்கி, எதிர் பஸ் பிடித்துத் திரும்ப வந்து ஆஸ்பத்திரி கேட்டில் நின்றேன். மேலே போகக் கால் துடித்தது, போகவில்லை.

வாட்ச்மேன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, பேஷண்ட்டு எப்படி இருக்காரு?" என்றார்.

"மூச்சு இருக்குண்ணே. மாசக் கடைசி வரைக்கும் கெடு குடுத்திருக்காக."

அப்போதுதான் போனில் மெசேஜ் வந்தது. சோப்பு. கொஞ்ச நேரத்தில் நாப்கின். அடுத்து இன்னொன்று. ஒவ்வொரு மெசேஜுக்கும் சந்தோஷத்துக்கு முன்னால் பயம்தான் வந்தது: விழுந்திருக்குமா, மாட்டியிருக்குமா? யாரும் கூப்பிடவில்லை. இருட்டுவதற்குள் நாப்கின் வரிசை காலி.

அதற்குப் பிறகு காலையில் வார்டு கூட்டுகிற நேரத்தில் மட்டும் போய் நிரப்பிவிட்டு ஓடி வந்துவிடுவேன். மாசக் கடைசியில் மேனேஜர் கூப்பிட்டார். விற்பனை மெசேஜையெல்லாம் காட்டப் போனைத் திறந்து வைத்துக்கொண்டே உள்ளே நுழைந்தேன்.

"எடுக்க வேணாம்ணே. காபிக்காரருக்குக் கீழ எடம் குடுத்துட்டேன். மூணாவது மாடி பிரசவ வார்டுலயும் ஒண்ணு வைக்கச் சொல்லிக் கேக்குறாக. முடியுமா?"

"முடியும் சார்," என்று சொல்லிவிட்டேன். வெளியே வந்து நாலு படி இறங்குவதற்குள், முதல் மெஷினை நாலு ஆள் வைத்துப் படி வழியாகத் தூக்கியது ஞாபகம் வந்து, புது மெஷின் லிப்டுக்குள் நுழையுமா என்ற கவலை பிடித்துக்கொண்டது. திரும்ப ஏறிப் போய், ஆட்கள் ஏறி இறங்குகிற இடைவெளியில், லிப்ட் வாசலை முழம் போட்டு அளக்க ஆரம்பித்தேன்.