மேஜர் போட்ட கையெழுத்து

காலையில் என் மகனின் கைபேசியில் ஆலையிலிருந்து கரும்பு வெட்டு உத்தரவு வந்தது. இப்போதெல்லாம் குறுஞ்செய்திதான். எங்கள் காலத்தில் அது தாளில், மேஜரின் கையெழுத்தோடு போகும்.

மேஜர் திருக்கோவிலூர்க்காரர். இருபது வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு, கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு தனியார் சர்க்கரை ஆலைக்குப் பொது மேலாளராக வந்தார். பிறகு சென்னையில் அந்தக் கம்பெனியின் இயக்குநர்வரை உயர்ந்தார். விடிந்ததும் ஆலை வாசலில் நிற்கும் மாட்டுவண்டி வரிசையைக் கடைசி வண்டியிலிருந்து பார்த்துக்கொண்டு வருவார். அதிகம் காத்திருக்கப் போகிறவனிடம்தான் முதலில் பேச வேண்டுமாம். விவசாயப் பட்டம் வாங்கிய கரும்பு அலுவலரான நான், கால்சட்டையில் சாணி படாமல் பின்னால் போவேன்.

நட்ட தேதிப்படி யார் வயலுக்கு எப்போது வெட்டு என்று பட்டியல் போடுவது என் வேலை. ஒரு வருஷம் எலவனாசூர்கோட்டை குப்புசாமியைப் பட்டியலின் அடிக்குத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் என் மாமனார் பெயரை எழுதினேன். மாமனார் வீட்டில் நல்ல பெயர் எடுக்கும் ஆசைதான், வேறொன்றுமில்லை.

"சரிபார்த்துட்டீங்களா?" என்றார் மேஜர்.

"பார்த்துட்டேன் சார்."

கையெழுத்துப் போட்டார்.

ஒரு மாதத்தில் குப்புசாமி வந்து கத்தினார். "இன்னாங்க, பட்டாளத்துல இப்பிடிதான் வரிசை வெப்பாங்களா? எனக்குப் பின்னாடி நட்டவன் கரும்பெல்லாம் ஆலைக்குப் பூடுச்சி. என்து பூத்துப்போயி காஞ்சிகினு கெடக்குது!"

மேஜர் எழுந்து நின்றார். "கையெழுத்து என்துங்க. தப்பும் என்துதான்."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள், கல்வராயன் மலையிலிருந்து வந்த வெட்டாட்களோடு அவரும் குப்புசாமி வயலில் இறங்கினார். என் கையிலும் ஒரு கத்தியைக் கொடுத்தார். "சாரு கத்தியப் பேனா மாரி புடிச்சிகினு கீறாரு, பாருடி!" என்றாள் ஒருத்தி. வயலே சிரித்தது. "அடியோட வெட்டு சார், அங்கதான் சக்கர." மூன்று நாளில் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. என் உத்தியோகத்தில் நான் உருப்படியாகச் செய்த வேலை அதுதான் என்று இப்போதும் தோன்றுகிறது.

கடைசி நாள் குப்புசாமி எனக்கு மோர் கொடுத்தார். "ஆபீசரு கரும்பு வெட்டி நான் பாத்ததில்ல. நல்ல மனுசன் சார் நீங்க."

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். மோரைக் குடித்தேன்.

போன வாரம், எழுபத்தெட்டு வயதில், குப்புசாமியின் மகனைத் தேடிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மரவள்ளிக் கிழங்கை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பாவுக்கு அப்பவே தெரியுங்க. ஒங்க மாமனார் வண்டிங்க எங்க வயலத் தாண்டிதான போச்சி? மோரு குடுத்தாவது வாயத் தொறப்பீங்களான்னு பாத்தாராம்."

அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. மனம் லேசாகக்கூட இருந்தது. ஆனால் மேஜர் இல்லை, குப்புசாமியும் இல்லை. நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியது அந்த இரண்டு பேரிடம்தான்.