ஷைஜு கை நனைத்த கதை

சின்ன வயதில் அங்கன்வாடிக்குப் போன பிள்ளைகளுக்கு அதன் பலன் பெரியவர்களான பிறகும் நிற்குமாம். படித்தவர்கள் ஆராய்ந்து சொல்கிறார்கள். ஆராய்ச்சியே வேண்டாம், என் தங்கை மகன் ஷைஜுவைப் பார்த்தால் போதும்.

கடியப்பட்டணத்தில் எங்கள் தெரு அங்கன்வாடியில் ராகேல் டீச்சர் ஒரு சட்டம் வைத்திருந்தார். கடைசிப் பிள்ளையின் தட்டில் சோறு விழும்வரை யாரும் வாயில் வைக்கக் கூடாது. மற்ற பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் அதை மறந்தார்கள். இவன் மீசை முளைத்தும் மறக்கவில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் சாப்பிடாமல் எழுந்து, ஒவ்வொரு இலையாக எட்டிப் பார்த்துக்கொண்டு நடப்பான். விளம்புகிறவன் என்று நினைத்து, "ஏலே, இங்க சாம்பார் கொண்டு வா" என்பார்கள். கொண்டுபோயும் கொடுப்பான். கத்தாருக்கு வேலைக்குப் போனான். அறையில் கூட இருந்தவர்கள் டூட்டி முடிந்து வரும்வரை பட்டினி கிடந்து, வயிற்றுப்புண்ணோடு திரும்பி வந்தான். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

2017-இல் முட்டத்தில் பிரிஜா என்ற பெண் அமைந்தாள். அதற்கு முன் வந்த சம்பந்தமெல்லாம் தட்டிப்போய், என் தங்கை அழுது ஓய்ந்திருந்த நேரம். பையனுக்கும் பிடித்தது, பெண்ணுக்கும் சம்மதம். அந்த வீட்டில் நாங்கள் கை நனைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. சாப்பிடாமல் எழுந்தால் வேண்டாம் என்று அர்த்தம்.

ஆண்கள் உட்கார்ந்தோம். நெய்மீன் குழம்பு மணந்தது. நான் இரண்டு கவளம் உள்ளே தள்ளியாயிற்று. ஷைஜு தட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தான். பெண்ணின் அப்பா ஞானதாசனுக்கு முகம் கறுத்தது.

"மாப்பிள சாப்பிடல்லியே. பிள்ளைய பிடிக்கலன்னா நேரா சொல்லணும்."

"பிடிச்சிருக்கு மாமா."

"பின்ன?"

நான் அவன் தொடையைக் கிள்ளினேன். "மக்கா, தின்னுல. காரியத்தக் கெடுக்காத."

"உள்ள இருக்கவங்களுக்கு இன்னும் விளம்பல்லியே" என்றான்.

உள்ளே இருந்தவர்கள் பெண்கள். ஆண்கள் எழுந்த பிறகுதான் அவர்கள் உட்காருவார்கள். எந்த வீட்டில் அப்படி இல்லை? "அவளுவ பொறவு திம்பாளுவ" என்றார் ஞானதாசன். இவன் மரியாதையாகத் தலையாட்டினான், சோற்றைத் தொடவில்லை. குழம்பு ஆறியது. ஞானதாசன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். என் தங்கையிடம் போய் என்ன சொல்வேன்?

அப்போது அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்ற பெண்ணின் அம்மா தங்கபாய், கரண்டியை மகள் கையில் கொடுத்துவிட்டு, ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்து புருஷன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"நடுத்துண்டு வையிட்டி. ஒனக்கும் போட்டுட்டு வந்து இரி."

"ஏட்டி, சம்மந்தக்காரங்க முன்னாலயா?" என்று பதறினார் ஞானதாசன்.

பிரிஜாவும் தட்டோடு உட்கார்ந்த பிறகு ஷைஜு சோற்றில் கை வைத்தான். தங்கபாய் மீனைப் பிட்டு வாயில் போட்டாள். நிதானமாக மென்றாள். கண் நிறைந்துவிட்டது.

"கெட்டி வந்த நாள்முதல் எனக்குத் தலையும் வாலும்தான். கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லுங்க. எம்பிள்ள நடுத்துண்டு தின்னு ஜீவிக்கட்டு."